பாணித் தொட்டி ஒழுகுகிறது: மெழுகா, சிலிக்கனா, படகு றெசினா?

முத்தையன்கட்டான்:

மாரி பிடிக்க முன்னம் இந்த வேலையை முடிக்க வேண்டும், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

தேனீ குடிக்கச் சீனிப்பாணி விட்டு, தேனீப் பெட்டிக்கு மேலே, மூடிக்குக் கீழே வைக்கிற மாதிரிப் பாணித் தொட்டிகள் அடித்து வைத்திருக்கிறேன். அடி பிளைவுட், சுவர் வேப்பம் பலகை, மூலைக்கு மூலை வெள்ளைப் பசை பூசி ஆணி அடித்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தால் பின்னேரம் வரை ஒரு துளி இல்லை. விடியப் பார்த்தால் அடிப்பலகை ஊறிக் கறுத்துப்போய் நிற்கிறது. சீனிப்பாணி விட்டால் இன்னும் கொடுமை, அடை தொங்குகிற சட்டங்களின் தலையில் சொட்டி, அது அப்படியே தரைப்பலகைக்கு இறங்கி, அடுத்த நாள் பெட்டியின் காலைச் சுற்றிச் சிற்றெறும்பு. ஒரு கூடு இந்த எறும்புத் தொல்லையோடேயே எழும்பிப் போய்விட்டது.

உள்ளே என்ன பூசலாம்? மெழுகு என்கிறார்கள், சிலிக்கன் என்கிறார்கள், ஒருவர் எனமல் பெயின்ற் அடி என்கிறார். தேனீ வாய் வைக்கிற பாத்திரம் என்பதால் கண்டதையும் பூசப் பயமாக இருக்கிறது. கடையில் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தக் காசுக்கு நான் சீனி வாங்குவேன்.

நெடுங்கேணித் தச்சன்:

தம்பி, பூச்சைப் பற்றிப் பிறகு கதைப்போம், முதலில் மூட்டைப் பார். ஒழுகுகிற தொட்டி எதை எடுத்தாலும் பத்தில் எட்டு மூட்டில்தான் ஒழுகும். பலகை நடுவால் ஒழுகி நான் பார்த்தது குறைவு.

சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் திரும்பவும் பால் மாதிரி வெளுத்து இளகிவிடும். பின்னேரம் வரை ஒழுகாமல் இருந்து இரவுக்குள் ஒழுகினதற்கு அதுதான் காரணமாக இருக்கும். தண்ணீர் தாங்கும், வெளிப் பாவனைக்கு என்று போட்டிருக்கிற பசை இருக்கிறது, அதை வாங்கு. ஆணியை விட்டுவிட்டுத் திருகாணி போடு, ஏனென்றால் பலகை ஊறிப் பருத்துத் திரும்பக் காயும்போது ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், திருகாணி பிடித்த பிடியை விடாது.

அடுத்தது பிளைவுட்டின் ஓரம். முகத்தில் தண்ணீர் நின்றால் அது கொஞ்ச நேரம் தாங்கும், ஓரத்தால் உள்ளே போனால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். நீ அடியைச் சுவருக்குக் கீழே வைத்து அடித்திருப்பாய், ஓரம் நாலு பக்கமும் வெளியே தெரியும். அப்படிச் செய்யாமல் சுவரின் உள்பக்கம் ஒரு காடி வெட்டி, அடியை அதற்குள் செருகிவிடு. வேப்பம் பலகையிலும் அப்படித்தான், மரத்தின் நரம்பு நீளவாக்கில் ஓடுவதால் குறுக்காக அறுத்த முனைதான் குடிக்கும், அந்த முனைக்குப் பசையை இரண்டு தரம் பூசு. முதல் பூச்சை அது உறிஞ்சட்டும், இரண்டாவதுதான் மேலே நிற்கும்.

இன்னொன்று. ஒரு லீற்றர் பாணி ஏறக்குறைய 1.2 கிலோ நிறை. மெல்லிய சுவர் என்றால் நடுவில் வெளியே தள்ளும், தள்ளினால் அடிமூட்டு வாய் திறக்கும், பிறகு உள்ளே என்ன பூசியிருந்தாலும் அது வெடிக்கும். சுவருக்குச் சுவர் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் போட்டால் சரி, தேனீ இறங்கிக் குடிக்கவும் உதவும்.

மல்லாவி அக்கா:

எனக்கு ஒரு கேள்வி. எதற்குப் பலகை?

நாங்கள் வளர்ப்பது இந்தியத் தேனீ. அதன் குடும்பம் வெளிநாட்டுப் படங்களில் வருகிற இத்தாலியத் தேனீயின் குடும்பத்தைவிடச் சிறியது. ஒரு இரவில் குடித்து முடிக்கிற அளவுதான் வைக்க வேண்டும், மிஞ்சினால் எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். அந்த அளவுக்கு ஒரு ஐஸ்கிறீம் பெட்டி போதும். கழுவி, பாதிக்குப் பாணி விட்டு, மேலே காய்ந்த ஈர்க்கும் சுள்ளியும் மிதக்க விட்டால் வேலை முடிந்தது. இதில் பசை எங்கே, மெழுகு எங்கே?

அதுவும் இல்லாவிட்டால் சிரட்டை. ஆனால் கண் இல்லாத பாதியை எடுங்கள். கண் உள்ள பாதியில் முளை வருகிற கண் மெத்தென்று இருக்கும், பார்க்க அடைத்த மாதிரித் தெரியும், இரவோடு இரவாகக் கசிந்துவிடும். கண் உள்ள பாதிதான் கிடைத்தது என்றால் உள்ளே சுரண்டிக் காயவைத்து, அந்த இடத்தில் உருக்கிய தேன்மெழுகு நாலு சொட்டு விட்டால் நிற்கும்.

முத்தையன்கட்டான்:

> எதற்குப் பலகை?

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம்தான், நானும் ஐஸ்கிறீம் பெட்டி வைத்தவன்தான். வைக்கிற காலத்தில் பிரச்சினை இல்லை, எடுத்து வைக்கிற காலத்தில் எலி கரம்பிவிடும், இனிப்பு மணம் எவ்வளவு கழுவினாலும் போகாது போல. நிறையப் பாணியோடு தூக்கினால் வளைந்து தளும்பும். அதோடு அதை வைக்க மேலே ஒரு வெற்று அடுக்கு வேண்டும், அந்த வெற்றிடத்தில் தேனீ மூடியில் அடை கட்டத் தொடங்கிவிடும். பலகைத் தொட்டி அடுக்கின் அளவுக்கே அடித்தது, இடைவெளி மிஞ்சாது.

தச்சன் அண்ணை, காடி வெட்டுவது விளங்கியது. அப்போ உள்ளே என்ன?

கரைவலை:

முல்லைத்தீவுப் பக்கம் வந்தால் இந்தக் கேள்வியே எழும்பாது. படகு ஒட்டுகிற பைபர் றெசின் கொஞ்சம், கண்ணாடி நார்ப் பாய்த் துண்டு கொஞ்சம், மூலைகளில் வைத்துத் தூரிகையால் தடவிவிட்டால் உன் பேரப்பிள்ளை காலத்துக்கும் ஒழுகாது. மீனவர் வாடி வழியே கேட்டால் வேலை முடிந்து மிஞ்சின றெசின் சும்மாவே தருவார்கள். கடலில் உப்புத் தண்ணீரையும் அலையையும் தாங்குவது உன் சீனித் தண்ணீரைத் தாங்காதா?

பாலைப்பூ:

கரைவலை அண்ணை, தாங்கும், அதில் சந்தேகமே இல்லை. மணம்தான் தொல்லை. படகு றெசின் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கும், ஆனால் அந்த மூக்கைத் துளைக்கிற மணம் நிறைய நாளைக்கு விடாது. மூடின பெட்டிக்குள், அதுவும் வெக்கையில், அது இன்னும் கிளம்பும். தேனீ மணத்தால் வாழ்கிற பிராணி, ராணி இருக்கிறாளா இல்லையா என்பதையே மணத்தால்தான் அறியும். அப்படியும் பூசத்தான் போகிறீர்கள் என்றால் பூசினதை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி ஊறவைத்து ஊற்றி, திரும்ப நிரப்பி ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால் மட்டும் வையுங்கள். இந்த மாரிக்கு அடித்து இந்த மாரிக்கே வைக்கிற வேலைக்கு அது சரிவராது.

எனமல் பெயின்ற்றும் இதே கதைதான், அதோடு பழைய ரின்னில் ஈயம் கலந்திருக்கலாம். உள்ளே வேண்டவே வேண்டாம். வெளிப்பக்கம் அடியுங்கள், மழைக்கு நல்லது. தார் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு நான் என்ன சொல்ல!

சிலிக்கன் பூசலாம், ஆனால் எல்லாச் சிலிக்கனும் ஒன்றல்ல. குளியலறைக்கு என்று விற்பதில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம். மீன் தொட்டிக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பூசினவுடன் வினாகிரி மணம் வரும், அது முற்றாகப் போகும் வரை பொறுங்கள். சிலிக்கன் இறுகுவது காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான், வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில்தான் இறுகும். மொத்தமாக அப்பினால் மேலே தோல் பிடித்து உள்ளே களிம்பாகவே கிடக்கும். மூலையில் மெல்லிய கோடாக இழுத்து விரலால் ஒரு தடவு, அவ்வளவுதான்.

இனி மெழுகு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் மூன்று விசயம்.

ஒன்று, ஒழுங்கு மாறக்கூடாது. பசை, திருகாணி, சிலிக்கன் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் மெழுகு. மெழுகு பட்ட பலகையில் சிலிக்கனும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. முதலில் மெழுகு பூசி, ஒழுகினவுடன் மேலே சிலிக்கன் அப்புகிறவர்கள் இருக்கிறார்கள், மறுநாள் அது நாடா மாதிரி ஒரே இழுவையில் கழன்று வரும்.

இரண்டாவது, பலகை சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த பலகையில் மெழுகை விட்டால் மேலே ஏடாகப் படியும், ஒரு தட்டுத் தட்டினால் செதிலாக உதிரும். எங்களுக்கு இதற்கு அடுப்பே தேவையில்லை. உச்சி வெயிலில் ஒரு தகரத்தைப் போட்டு அதற்கு மேல் தொட்டியைக் காயப்போடுங்கள், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டதும் உருக்கிய மெழுகை உள்ளே விட்டு, தொட்டியை நாலு பக்கமும் சரித்துச் சரித்து மூலையெல்லாம் ஓடவிட்டு, மிச்சத்தைத் திரும்பச் சட்டிக்குள் கவிழ்த்துவிடுங்கள். மூட்டில் எங்காவது ஊசி முனை இடைவெளி இருந்தால் மெழுகு அதற்குள் இறங்கி மறுபக்கம் சின்னப் பொட்டாக எட்டிப் பார்க்கும். அந்தப் பொட்டைக் கண்டால் நல்லது, அந்த வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தம்.

மெழுகை நேரே நெருப்பில் வைக்காதீர்கள். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து அதற்குள் சின்னச் சட்டி. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும், கொதிநீரே தாராளம். தப்பித்தவறி நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடிவிடுங்கள்.

மூன்றாவது, மெழுகுதிரி மெழுகு வேண்டாம். மெல்லியதாகப் படிந்தால் அது வெடித்துப்போகும், மலிந்த மெழுகுதிரி உருகுகிற சூடும் குறைவு. பழைய அடைகளை உருக்கின மெழுகு எல்லோரிடமும் கிடக்கும்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் "சின்ன இடைவெளிகளை விட்டுவிடுங்கள், தேனீயே பிசின் வைத்து அடைத்துவிடும்" என்பார்கள். அது அவர்களுடைய தேனீ. இந்தியத் தேனீ பிசின் சேர்க்காது. நாங்கள் விட்ட ஓட்டை விட்டபடியே இருக்கும். எறும்பும் களவெடுக்க வருகிற பக்கத்துப் பெட்டித் தேனீயும் அந்த வழியால்தான் வரும். அவர்களுடைய தேனீ இடைஞ்சலைப் பொறுத்துக்கொண்டு கிடக்கும், எங்களுடையது பொறுக்காது, கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் ஒழுகுகிற தொட்டி வைப்பதைவிடத் தொட்டி வைக்காமல் விடுவது மேல்.

குளக்கட்டு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் தொட்டி ஒன்றும் அடிக்கவில்லை, தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஊசியால் துளை போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறேன். காலையில் சொட்டாது, மத்தியானம் சொட்டுகிறது. மூடிக்குத் தெஃப்லான் ரேப் சுற்றியும் பார்த்தாயிற்று. எதை வைத்து அடைப்பது?

மாங்குளம் வாத்தி:

அடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை தம்பி. கவிழ்த்த போத்தலில் பாணியைப் பிடித்து வைத்திருப்பது மூடி இல்லை, உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தக் குறைவு. மத்தியானம் அந்தக் காற்று சூடாகி விரியும், விரிந்த அளவுக்குப் பாணியைக் கீழே தள்ளும். ஒரு லீற்றர் போத்தல் பாதி காலி என்று வையுங்கள், உள்ளே அரை லீற்றர் காற்று. விடிய 26 பாகை, மத்தியானம் 38 பாகை என்றால் 12 பாகை ஏற்றம், காற்று 4 சதவீதம் விரியும், 20 மில்லிலீற்றர் பாணி தானாக இறங்கும். சின்னக் கூட்டின் தலையில் 20 மில்லிலீற்றர் என்பது கொஞ்ச நஞ்சம் இல்லை.

அதனால் சின்னப் போத்தலாக எடுத்து நிரப்பி வையுங்கள், காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நிழலில் வையுங்கள். முக்கியமாக, மெல்லிய தண்ணீர்ப் போத்தல் வேண்டாம், அதன் உடம்பு நெளிகிறது, நெளிகிற போத்தலில் அழுத்தக் குறைவு நிற்காது. ஜாம் போத்தல் எடுங்கள், கண்ணாடி, தகர மூடி. துளையை வெளியிலிருந்து உள்ளே அடியுங்கள், பிசிறு உள்பக்கம் போய்விடும், தேனீயின் நாக்கில் குத்தாது. மூடிக்குள் இருக்கிற இறப்பர் வளையம் வெடித்திருந்தால் வேறு மூடி பாருங்கள், துளைகளை விட்டால் அது ஒன்றுதான் போத்தலில் உண்மையாகவே காற்றுப் புகக்கூடிய இடம்.

குளக்கட்டு:

ஓ. அப்போ இவ்வளவு நாளும் ரேப்புக்குச் செலவழித்தது வீண். நன்றி சேர்.

முள்ளியவளைக் கிழவன்:

பிள்ளைகள் எல்லோரும் ரியூப்பில் வருவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். கரைவலைத் தம்பி, பைபர் வர முன்னம் உங்கள் ஆட்கள் வள்ளத்துக்குக் கலப்பத்துப் பார்த்தது எதை வைத்து? பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினார்கள். நான் தேன்மெழுகு மூன்று பங்குக்குக் குங்கிலியம் ஒரு பங்கு தூளாக்கிப் போட்டுக் காய்ச்சிப் பூசுகிறேன். குங்கிலியம் தனியாகப் பூசினால் கண்ணாடி மாதிரி வெடிக்கும், மெழுகு தனியாக வெயிலுக்கு இளகும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குற்றத்தை மற்றது மூடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். காய்ச்சும்போது பொறுமை வேண்டும், குங்கிலியம் மெழுகைவிடப் பிந்தித்தான் கரையும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் பொங்கி அடுப்பில் விழும். வெளியில் வைத்துக் காய்ச்சுங்கள், குசினியில் வேண்டாம், வீட்டுக்காரியின் வாயில் விழ நேரிடும்.

பாலைப்பூ:

ஐயா, குங்கிலியம் நல்ல யோசனை, அதிலும் இளகுகிற விசயத்தை நீங்கள் தொட்டது நல்லதாகப் போயிற்று. நான் சொல்ல விட்டது அது. தேன்மெழுகு உருகுவது 62க்கு மேல் என்றாலும் இளகத் தொடங்குவது அதற்கு வெகு முன்னமே. வெறும் தகர மூடி போட்ட பெட்டி பங்குனி சித்திரை வெயிலில் நின்றால் மூடிக்குக் கீழே இருக்கிற தொட்டியின் சுவரில் மெழுகு வழிந்து அடியில் சேர்ந்துவிடும், மேல் மூட்டு வெறுமையாகும். தகரத்துக்கு மேல் இரண்டு பனையோலை போட்டுவிடுங்கள். பாணியையும் ஆறவிட்டு ஊற்றுங்கள், அடுப்பால் இறக்கின சூட்டோடு ஊற்றினால் உங்கள் மெழுகை நீங்களே கழற்றினது போலத்தான்.

கரைவலை:

ஐயா சொன்னது உண்மை, அப்புவின் வள்ளம் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு வருசமும் இழுத்துப் போட்டுத் திரும்பப் பூசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் றெசின் கட்சிதான், மாற மாட்டேன்.

முத்தையன்கட்டான்:

எல்லோருக்கும் நன்றி. பழைய தொட்டிகளைக் கழற்றி, காடி வெட்டித் திருகாணி போட்டு, மூலைக்கு மீன் தொட்டிச் சிலிக்கன் கோடு, அதற்கு மேல் மெழுகு என்று அடித்தேன். ஒன்றுக்கு மட்டும் ஐயாவின் குங்கிலியக் கலவை. தண்ணீர் நிரப்பிப் பழைய பேப்பருக்கு மேல் இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன், பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. குங்கிலியம் போட்டது கையால் தடவ மற்றதைவிடக் கடினமாக இருக்கிறது, இரண்டில் எது நிற்கும் என்று வெயில் காலம் வந்தால்தான் சொல்லலாம்.

இப்போது வேறு கரைச்சல். மெழுகுச் சுவர் வழுக்குகிறது. குடிக்க இறங்குகிற தேனீ ஏற முடியாமல் பாணிக்குள் விழுந்து செத்துக் கிடக்கிறது. சுள்ளி மிதக்க விட்டேன், அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது.

மல்லாவி அக்கா:

நுளம்பு வலைத் துண்டு ஒன்றை எடுத்துச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து அடி வரை தொங்கவிடு, கால் பிடிக்க இடம் கிடைக்கும். ஐஸ்கிறீம் பெட்டிக்கும் நான் அதைத்தான் செய்கிறேன்.

நெடுங்கேணித் தச்சன்:

அல்லது மெழுகு இளகலாக இருக்கும்போதே தேனீ இறங்குகிற அந்த ஒரு சுவரில் மட்டும் கழுவிக் காயவைத்த ஆற்று மணலைத் தூவி அழுத்திவிடு. கடல் மணல் வேண்டாம், உப்பு. குறுக்குச் சட்டம் போடச் சொன்னேனே, போட்டாயா?

முத்தையன்கட்டான்:

போட்டேன் அண்ணை. மணல் விசயம் நல்லது, இன்றைக்கே செய்கிறேன். இன்னும் ஒன்று, புளித்த பாணி ஒட்டின தொட்டியை எப்படிக் கழுவுவது? வெந்நீர் ஊற்றலாமா?

பாலைப்பூ:

வெந்நீர் ஊற்றினால் மெழுகு போய்விடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தென்னந்தும்பால் மெதுவாகத் தேய்த்தால் போதும், கம்பித் தும்பு போடாதீர்கள். கழுவின தண்ணீரைப் பெட்டிகளுக்குக் கிட்ட ஊற்றாமல் தூரக் கொண்டுபோய் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் களவுத் தேனீக்கும் முசுறுக்கும் நீங்களே வழிகாட்டினதாகிவிடும். பாணி வைப்பதும் பொழுதுபட்ட பிறகுதான், வாசலையும் இரண்டு தேனீ போகிற அளவுக்குச் சுருக்கிவிடுங்கள்.

முள்ளியவளைக் கிழவன்:

பாலையும் வேம்பும் பூக்கத் தொடங்கினவுடன் தொட்டியை எடுத்துவிடு தம்பி. சீனித் தண்ணீரைத் தேன் என்று போத்தலில் விற்கிறவன் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறான்.